எஸ்எஸ்-25: ஒற்றைச் சுவரில் நின்ற கிணறு

வீட்டுக்குப் போர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் கேசிங் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மேல்மண் சரிந்து துளை மூடிக்கொள்ளாமல் இருக்கப் பாறை தட்டும்வரை ஒரு குழாயை இறக்குவார்கள். எத்தனை அடி இறங்கியதோ அத்தனைக்குப் பில்லும் ஏறும். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகள் செய்ததும் இந்த வேலையைத்தான். தோண்டிய குழிக்கு ஓர் உறை.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலும் உறைக்குழாயின் முதல் வேலை அதுவே. ஆனால் அங்கே அதற்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு. வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமல் காப்பதோடு, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே போகாமலும் அது தாங்க வேண்டும். இந்த இரண்டாவது பொறுப்பு முழுவதையும் ஒரே குழாயின் தலையில் கட்டிவிட்டு, அந்தக் குழாயை எவரும் அளந்தும் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் 2015-இல் பார்த்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்கு விளிம்பில் உள்ள சான்டா சுசானா மலைச்சரிவில், அலிசோ கேன்யன் என்ற எரிவாயுச் சேமிப்பு வயலில், ஒரு கிணற்றடியில் மண்ணிலிருந்து கேஸ் வெளியேறுவதை ஊழியர்கள் கண்டார்கள். கிணற்றின் பெயர் ஸ்டாண்டர்ட் செஸ்னன் 25, சுருக்கமாக எஸ்எஸ்-25. வயல் சதர்ன் கலிபோர்னியா கேஸ் கம்பெனிக்குச் சொந்தமானது; ஊரில் அதைச் சோகால்கேஸ் என்பார்கள். கசிவு 112 நாள் நீடித்தது. விமானத்தில் பறந்து காற்றை அளந்த ஆய்வாளர்களின் கணக்குப்படி வெளியேறிய மீத்தேன் 97,100 டன். மலையடிவாரக் குடியிருப்பான போர்ட்டர் ராஞ்சிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 8,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் போயின.

கிணற்று விபத்து என்றாலே மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் எரிந்த மேடைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. கேசிங்கைப் பற்றிப் பேச எஸ்எஸ்-25 அதைவிடத் தெளிவான பாடம் என்று நினைக்கிறேன். இங்கே தீ இல்லை, புயல் இல்லை, அவசர முடிவு எடுத்த ஓர் இரவு இல்லை. அறுபது ஆண்டு பழைய இரும்புக் குழாய் ஒன்று மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கிறது. அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கருவிகள் எல்லாம் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் கிடைத்தவை. அவற்றில் ஒன்று இதே கிணற்றுக்குள் இருந்து, பிறகு கழற்றி எடுக்கப்பட்டது.

கிணற்றின் உடல்

அலிசோ கேன்யனில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1938-இல். எஸ்எஸ்-25-ஐத் தோண்டத் தொடங்கியது 1953 அக்டோபரில். அடுத்த ஆண்டு வேலை முடிந்தது. எண்ணெய் எடுக்கத் தோண்டிய கிணறு அது. எண்ணெய் வற்றிய பிறகு, அந்தப் பாறை அடுக்கையே கேஸ் சேமிக்கும் தொட்டியாக்கினார்கள். கோடையில் குழாய்வழி வரும் கேஸை அழுத்தி எட்டாயிரம் அடிக்குக் கீழே அனுப்புவது, குளிர்காலத்தில் திரும்ப எடுப்பது. 1973-இல் எஸ்எஸ்-25 இந்த வேலைக்கு மாற்றப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளோடு, 8,600 கோடி கன அடி கேஸ் புழங்கும் சேமிப்பகமாக அந்த வயல் வளர்ந்தது.

கிணற்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே 11¾ அங்குல விட்டமுள்ள மேல் கேசிங். அது 990 அடியோடு நின்றுவிடும். அதற்குள் 7 அங்குலக் கேசிங். இதுதான் சுமார் 8,500 அடி ஆழம்வரை போகும் பிரதான உறை. அதற்கும் உள்ளே 2⅞ அங்குல டியூபிங், கேஸ் போய்வருவதற்கான மெல்லிய உள்குழாய். மேல் கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் உண்டு. 7 அங்குலக் கேசிங்குக்கு அடிப்பகுதியில் மட்டும் சிமென்ட் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே பல ஆயிரம் அடிக்கு அந்தக் குழாயின் வெளிப்புறம் வெறுமனே இருந்தது. முதல் 990 அடியில் இரண்டு கேசிங்குகளுக்கு நடுவே ஒரு வளைய இடைவெளி. அதிலும் சிமென்ட் கிடையாது. 1950-களில் வெட்டிய எண்ணெய்க் கிணறுகளில் இது புதுமையில்லை.

புதுமை 1973-க்குப் பிறகு வந்தது. கேஸை டியூபிங் வழியாக மட்டும் செலுத்தாமல், டியூபிங்குக்கும் 7 அங்குலக் கேசிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகவும் செலுத்தினார்கள், எடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில், 2,700 பிஎஸ்ஐ அளவிலான அழுத்தம் நேராகக் கேசிங்கின் உட்சுவரில் போய் முட்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது, முப்பத்தைந்து பிஎஸ்ஐ அளவுதான். அந்த அழுத்தத்துக்கும் மலைக்கும் நடுவே நின்றது எட்டு மில்லிமீட்டர் எஃகு மட்டும்.

கலிபோர்னியாவின் சொந்தக் கருவிகள்

இந்தக் கிணறு நின்ற இடத்தை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. கேசிங் தொழிலின் முக்கியக் கண்டுபிடிப்புகள் பல பிறந்த மண் அது.

1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் ஓர் இரும்புக் குழாயைப் பாறைவரை அடித்து இறக்கி, அதற்குள் துளையிட்டு 69½ அடியில் எண்ணெய் எடுத்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஆனால் வெறும் குழாய் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. குழாய்க்கும் பாறைக்கும் இடையே ஏறிவரும் தண்ணீர் எண்ணெயைக் கெடுத்தது. 1903-இல் கலிபோர்னியாவின் லோம்போக் வயலில் யூனியன் ஆயில் கம்பெனியின் ஃபிராங்க் ஹில் அந்தத் தண்ணீரைச் சிமென்ட் போட்டு அடைத்தார். 1907-இல் அதே மாநிலத்தில் கார்ல் பேக்கர், கேசிங்கின் அடிவிளிம்பு பாறையில் இடித்து நசுங்காமல் இருக்க ஒரு ஷூவை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார். 1910-இல் ஆல்மண்ட் பெர்கின்ஸ் இரண்டு அடைப்பான்கள் கொண்ட முறையைக் கொண்டுவந்தார்: சிமென்ட் குழம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குழாய்க்குள் இருக்கும் சேற்றோடு கலக்காமல் சிமென்ட் கீழே இறங்கி, வெளிப்புறமாக மேலேறும். இன்றும் உலகெங்கும் இப்படித்தான் சிமென்ட் போடுகிறார்கள். பெர்கின்ஸிடம் சில காலம் வேலை பார்த்துவிட்டு, வேலை போய், 1919-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர் எர்ல் ஹாலிபர்ட்டன். சிமென்ட் போட்டு மூடிய கேசிங்கில் ஆழத்தில் வைத்தே குண்டு சுட்டுத் துளையிடும் துப்பாக்கி 1932-இல் முதலில் வெற்றிகரமாகச் சுடப்பட்டது லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய மான்டிபெல்லோவில்.

டைட்டஸ்வில்லைத் தவிர, இவை எல்லாம் அலிசோ கேன்யனிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள். ஒவ்வொரு கருவியும் குழாயின் ஏதோ ஒரு பக்கத்தை நம்ப முடியாத நிலை வந்தபோது பிறந்தது.

112 நாள்

முதல் நாள் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த வயலில் கேசிங் கசிவு புதிதல்ல. சேமிப்பகமான காலத்திலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கசிவுகள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. வழக்கமான வைத்தியம், கனமான திரவத்தை உள்ளே செலுத்திக் கேஸை அடக்குவது. அக்டோபர் 24-ஆம் தேதி கம்பெனியே அதைச் செய்து பார்த்தது. முடியவில்லை. பிறகு பூட்ஸ் அண்ட் கூட்ஸ் என்ற கிணறு அடக்கும் நிறுவனத்தை அழைத்தார்கள். அது 2010 முதல் ஹாலிபர்ட்டனின் கிளை. எர்ல் ஹாலிபர்ட்டன் பெர்கின்ஸிடம் வேலை பார்த்த மாநிலத்தில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, அவர் பெயர் இப்படி வந்து நின்றது.

அழுத்தத்தோடு வெளியேறும் கேஸ் திடீரென விரியும்போது கடுமையாகக் குளிரும். அந்தக் குளிரில் டியூபிங்குக்குள் பனிபோல் ஓர் அடைப்பு உண்டாகி, அதை நீக்குவதே முதலில் ஒரு வேலையானது. நவம்பர் 13 முதல் டிசம்பர் 22 வரை மேலும் ஆறு முறை முயன்றார்கள். டியூபிங் வழியாகத் திரவத்தை அடிவரை அனுப்ப வேண்டும். அது கீழே சேர்ந்து, தன் எடையால் கேஸை அமுக்க வேண்டும். ஆனால் கீழிருந்து சீறிவரும் கேஸ் அந்தத் திரவத்தைத் தூக்கி எறிந்தது. ஒவ்வொரு முயற்சியிலும் சேறும் கேஸும் கிணற்றடி மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன. கிணற்றுத் தலையைச் சுற்றிப் பெரிய குழி விழுந்தது. கிணற்றுத் தலை ஆடத் தொடங்க, அதைக் கம்பி வடங்களால் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஏழாவது முயற்சிக்குப் பிறகு மேலிருந்து அடக்கும் திட்டமே கைவிடப்பட்டது.

பின்னாளில் நடந்த ஆய்வு இந்தத் தோல்விகளுக்கு ஒரு காரணத்தைச் சொன்னது. செலுத்திய திரவத்தின் அடர்த்தியும் செலுத்திய வேகமும் போதவில்லை. எவ்வளவு கேஸ் வெளியேறுகிறது என்பதை வைத்து முன்கூட்டியே முறையாகக் கணக்குப் போட்டிருந்தால் போதுமான அளவு தெரிந்திருக்கும். பம்புகளும் சேறும் தயாராக இருந்தும் கணக்கு இல்லாமல் போனதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. நவம்பரிலேயே அடங்கியிருக்கக்கூடிய கிணறு பிப்ரவரிவரை சீறியது.

கீழே ஊரில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மணமும் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று அதில் சேர்த்திருந்த கந்தக வாசனைப் பொருள் மட்டும் மலையிலிருந்து இறங்கியது. தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம் என்று மக்கள் புகார் சொன்னார்கள். இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். டிசம்பரில் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த படம் வெளியானபோதுதான், மலையிலிருந்து எரிமலைப் புகைபோல எழும் அந்தப் படலத்தை மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். 2016 ஜனவரி 6-ஆம் தேதி ஆளுநர் ஜெரி பிரவுன் அவசரநிலை அறிவித்தார்.

இறுதியில் கைகொடுத்தது நிவாரணக் கிணறு. டிசம்பர் 4-ஆம் தேதி, சற்றுத் தள்ளி ஓரிடத்தில் புதுக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். அது சாய்வாகத் துளைத்துக்கொண்டே போய், எட்டாயிரம் அடிக்குக் கீழே பழைய கிணற்றைத் தொட வேண்டும். அங்கே தேடும் பொருளின் அகலமோ ஏழு அங்குலம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்துவார்கள். அது இரும்புக் கேசிங்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஓடும் மின்சாரத்தைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தைத் துளையிடும் குழாயில் இருக்கும் உணரி படிக்கும். பழைய கிணறு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அது சொல்லும். அதற்கேற்ப முனையைத் திருப்புவார்கள். பத்து வாரம் அப்படித் தேடி, பிப்ரவரி 11-ஆம் தேதி கிணற்றின் அடியைப் பிடித்தார்கள். அடியிலிருந்து கனத்த சேறு ஏறியது. கேஸ் நின்றது. 18-ஆம் தேதி கிணறு நிரந்தரமாக அடைக்கப்பட்டதாக மாநிலம் அறிவித்தது.

892 அடி

கிணற்றை அடைத்ததோடு விஷயம் முடியவில்லை. இதை ஏன் நல்ல நிகழ்வு ஆய்வு என்கிறேன் என்றால், உடைந்த குழாயை மேலே எடுத்தார்கள். மாநில அமைப்புகள் அமர்த்திய பிளேட் எனர்ஜி பார்ட்னர்ஸ் என்ற பொறியியல் நிறுவனம் 7 அங்குலக் கேசிங்கின் மேற்பகுதியை வெட்டி வெளியே இழுத்து, ஆய்வுக்கூடத்தில் துண்டு துண்டாகப் படித்து, 2019 மே மாதம் அறிக்கை தந்தது.

உடைப்பு 892 அடியில். மேல் கேசிங்கின் பாதுகாப்பு இருக்கும் 990 அடிக்குள்ளேதான். முதலில் குழாயின் நீளவாக்கில் ஒரு பிளவு. அதன் வழியாகக் கேஸ் பீறிட்டு, எஃகைக் குளிரவைத்து, நொறுங்கும் நிலைக்குக் கொண்டுபோனது. சில மணி நேரத்தில் குழாய் குறுக்குவாட்டில் முழுதாக இரண்டாகிவிட்டது. வெளியே இருந்த மேல் கேசிங்கிலும் அரிப்பால் துளைகள் இருந்ததால், கேஸ் அவற்றின் வழியாக மண்ணுக்குள் புகுந்து, மலைச்சரிவில் வெளியே வந்தது.

பிளவு தொடங்கிய இடத்தைக் கூர்ந்து பார்க்கலாம். புதிதாக இருந்தபோது அந்தக் குழாயின் சுவர் 0.317 அங்குலம், அதாவது எட்டு மில்லிமீட்டர். ஜே-55 தர எஃகு. ஒரு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். குழாய் எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: இழுவலிமையைத் தடிமனால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, விட்டத்தால் வகுக்க வேண்டும். தயாரிப்பில் சுவர் கொஞ்சம் மெலிந்திருக்கலாம் என்று எட்டில் ஒரு பங்கைக் கழித்தால் 4,360 பிஎஸ்ஐ வருகிறது. கிணற்றில் இருந்தது 2,700 அளவுதான். காகிதத்தில் தாராளமான பாதுகாப்பு.

ஆனால் 892 அடியில் சுவரின் 85 சதவீதம் அரிக்கப்பட்டிருந்தது. எஞ்சியது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சில்லறைக் காசின் தடிமன். குழாய் முழுக்க அந்த அளவுக்கு மெலிந்திருந்தால் அதே சூத்திரம் 750 பிஎஸ்ஐயைத்தான் தரும். சுற்றியிருந்த நல்ல எஃகு முட்டுக்கொடுத்ததால்தான் அது அத்தனை நாள் நின்றது.

அரித்தது கேஸ் இல்லை. அரிப்பு வெளிப்பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு கேசிங்குகளுக்கு நடுவே சிமென்ட் இல்லாமல் விடப்பட்ட இடைவெளியில் நிலத்தடி நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நீரில் நுண்ணுயிர்கள் வாழ்ந்தன. குழாயின் மேல் கோடு கோடாகப் பள்ளங்கள், பள்ளங்களுக்குள் சுரங்கம்போலத் துளைகள். நுண்ணுயிர் அரிப்பின் கைரேகை அது. அறிக்கை சுட்டிக்காட்டிய உயிர்கள் மெத்தனோஜன்கள், மீத்தேனை உற்பத்தி செய்பவை. மீத்தேனை அடக்கி வைத்த சுவரை, மீத்தேனை உண்டாக்கும் உயிர்களே வெளியிலிருந்து அரித்திருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

கசிவைத் தேடுவதும் சுவரை அளப்பதும்

சோகால்கேஸ் அந்தக் கிணற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் வெப்பநிலைச் சோதனை நடந்தது. வெப்பமானியைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். எங்காவது கேஸ் கசிந்து விரிந்தால் அந்த ஆழத்தில் குளிர் தென்படும். சந்தேகம் வந்தால் ஒலியைக் கேட்கும் கருவியையும் இறக்குவார்கள். நல்ல சோதனைகள்தான். ஆனால் அவை கசிவு தொடங்கிய பிறகே பேசும். சுவர் எட்டு மில்லிமீட்டரிலிருந்து நான்காக, இரண்டாக, ஒன்றாகக் குறையும் காலமெல்லாம் வெப்பமானி ‘சரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சுவரை அளக்க வேறு கருவி வேண்டும். சக்திவாய்ந்த காந்தத்தைக் கேசிங்குக்குள் இறக்கினால், காந்தப்புலம் எஃகுக்குள் ஓடும். எஃகு மெலிந்த இடத்தில் புலத்துக்கு உள்ளே இடம் போதாமல் கொஞ்சம் வெளியே பிதுங்கும். பிதுங்குவதை உணரிகள் பதிவு செய்யும். மேலே கணினித் திரையில் கோடு துள்ளும். எத்தனை அடியில், சுவர் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். மீயொலியால் அளக்கும் கருவிகளும் உண்டு. இவற்றில் ஒரு சிரமம்: 7 அங்குலக் கேசிங்கை அளக்கும் கருவி அந்தக் குழாயின் சுவரை ஒட்டிப் போக வேண்டும். நடுவே டியூபிங் நின்றால் போகாது. கிணற்றை முதலில் திரவத்தால் அடக்கி, ரிக்கைக் கொண்டுவந்து, எட்டாயிரம் அடி டியூபிங்கை உருவி எடுத்த பிறகே அளக்க முடியும். அளவு சொற்ப நேர வேலை. அதற்கான ஏற்பாடுதான் செலவு.

கம்பெனிக்கு இது தெரியாததில்லை. 1988-இல் அதன் பொறியாளர்களே 1940-கள், 50-களில் தோண்டிய 20 கிணறுகளின் கேசிங்கை இப்படி அளக்கப் பரிந்துரைத்தார்கள். அந்தப் பட்டியலில் எஸ்எஸ்-25 இருந்தது. முன்னுரிமையில் கடைசி வரிசையில். அடுத்த இரண்டு ஆண்டில் ஏழு கிணறுகளை அளந்தார்கள். ஐந்தில் வெளிப்பக்க அரிப்பு இருந்தது. சுவரின் 20 முதல் 60 சதவீதம்வரை போயிருந்தது. அதோடு அந்தத் திட்டம் நின்றது. எஸ்எஸ்-25-இன் முறை வரவேயில்லை.

ஏழில் ஐந்து. என் பார்வையில் இந்த வழக்கின் மையம் 2015 அல்ல, இந்த ஐந்து கிணறுகள். எந்தப் பக்கம் அரிக்கிறது, எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்பதற்கான சான்று கையில் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கசிவுகளில் எதற்கும் ‘ஏன்’ என்று கேட்டு முழுமையான ஆய்வு நடத்தப்படவில்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்கிறது. குழாயை ஒட்டுப்போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

கழற்றிய வால்வு

கிணற்றின் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. மேலே ஏதாவது உடைந்தால் கேஸை அடியிலேயே நிறுத்த வேண்டிய கருவி. 1979-இல் அதைக் கழற்றினார்கள். புதிதாக ஒன்றைப் போடவில்லை.

இன்று பரவலாகப் பயன்படும் ஆழ்நிலைப் பாதுகாப்பு வால்வின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. குழாய்க்குள் கீல் வைத்த ஒரு மூடி. அதைத் திறந்து பிடித்திருப்பது மேலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் எண்ணெய் அழுத்தம். மேலே எது கெட்டாலும், கிணற்றுத் தலையே பறந்துபோனாலும், அந்த அழுத்தம் போய்விடும். உடனே சுருள்வில் மூடியைத் தள்ளி அடைக்கும். கீழிருந்து வரும் கேஸின் அழுத்தமே மூடியை இன்னும் இறுக்கும். வேலை செய்தால் திறந்திருக்கும்; செயலிழந்தால் மூடிக்கொள்ளும். கடலில் உள்ள கிணறுகளில் இவை கட்டாயம். கலிபோர்னியா நிலத்தில் அப்போதைய விதி ‘அபாயக் கிணறு’ என்று வகைப்பட்டதற்கு மட்டும் கேட்டது. மக்கள் புழங்கும் கட்டடத்திலிருந்து 300 அடிக்குள் இருந்தால் அபாயக் கிணறு. எஸ்எஸ்-25 அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. போர்ட்டர் ராஞ்ச் சுமார் ஒரு மைல் தள்ளி.

இந்த வால்வுகளைக் குறை சொல்பவர்களும் உண்டு. மணலாலும் உப்பாலும் சிக்கிக்கொள்ளும், அடிக்கடி பழுதாகும், பழுது பார்க்கும்போதே விபத்து நேரலாம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஓர் ஊரின் தலைமாட்டில் நிற்கும் கிணற்றுக்குப் பழுதாகும் வால்வைச் சரிசெய்வதுதான் வழி. கழற்றிவிட்டு வெறும் குழாயை நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டியூபிங்கும் பேக்கரும்

எல்லாவற்றையும்விட எளிய தீர்வு கேசிங் மேல் அழுத்தத்தையே போடாமல் இருப்பது. அதற்குப் பேக்கர் என்ற கருவி உண்டு. டியூபிங்கின் அடியில் பொருத்தி இறக்குவார்கள். தேவையான ஆழத்தில் அதன் எஃகுப் பற்கள் விரிந்து கேசிங்கைக் கவ்வும். ரப்பர் வளையம் நசுங்கிப் பிதுங்கி இடைவெளியை அடைக்கும். பிறகு கேஸ் டியூபிங்குக்குள் மட்டும் ஓடும். டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் நடுவே அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தை நிரப்பி வைப்பார்கள். மேலே அந்த இடைவெளிக்கு ஓர் அழுத்தமானி. டியூபிங் கசிந்தால் முள் ஏறும். கேசிங் ஓட்டையானால் திரவம் இறங்கும். இரண்டில் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும், நமக்குத் தகவலும் வரும். எஸ்எஸ்-25-இல் இப்படி அமைத்திருந்தால், 892 அடியில் குழாய் உடைந்திருந்தாலும் அன்று வெளியே போயிருக்கக்கூடியது கேஸ் அல்ல, கொஞ்சம் திரவம்.

ஏன் செய்யவில்லை? அளந்து பார்த்தால் புரியும். 2⅞ அங்குல டியூபிங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கேஸ் போகும் வழியின் பரப்பு சுமார் 4.7 சதுர அங்குலம். அதைச் சுற்றி 7 அங்குலக் கேசிங்குக்குள் இருக்கும் வளைய இடைவெளி சுமார் 25 சதுர அங்குலம், ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டு வழியையும் திறந்தால் ஒரே கிணறு ஆறு கிணற்றின் வேலையைச் செய்யும்போலத் தெரியும். குளிர்கால மாலையில் ஒரு பெருநகரமே ஹீட்டரைப் போடும்போது அந்தப் பரப்பு பணமாக மாறும். ஒவ்வொரு கிணற்றிலும் பேக்கர் வைத்தால் அதே அளவு கேஸுக்கு அதிகக் கிணறுகள் வேண்டும், அல்லது பெரிய டியூபிங் வேண்டும். இந்தக் கணக்கு போட்டவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கில் குழாயின் சுவர் எப்போதும் எட்டு மில்லிமீட்டராகவே இருந்தது.

அமெரிக்கக் கூட்டரசு 2016 அக்டோபரில் வெளியிட்ட பணிக்குழு அறிக்கை, ஒரே இடம் உடைந்தால் மொத்தமும் போகும் அமைப்புள்ள சேமிப்புக் கிணறுகளைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. கலிபோர்னியாவின் புதிய விதிகள் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இரண்டு தடுப்பு இல்லாமல் கேஸ் செலுத்தக் கூடாது. வெப்பநிலை, ஒலிச் சோதனைகள் ஆண்டுக்கு ஒருமுறை. கேசிங்கின் சுவர்த் தடிமனை அளப்பது 24 மாதத்துக்கு ஒருமுறை. 2021 செப்டம்பரில் 35,000-க்கும் மேற்பட்டவர்களின் வழக்குகளை முடிக்க 180 கோடி டாலர்வரை தர சோகால்கேஸும் அதன் தாய் நிறுவனமும் ஒப்புக்கொண்டன.

அலிசோ கேன்யன் மூடப்படவில்லை. 2017-இல் குறைந்த அளவில் மீண்டும் கேஸ் செலுத்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வயலில் இருந்த ஒவ்வொரு கிணறும் சோதனைகளில் தேற வேண்டும், இல்லையென்றால் சேமிப்பு அடுக்கிலிருந்து துண்டிக்கப்பட வேண்டும் என்று மாநிலம் நிபந்தனை வைத்தது. டியூபிங்கை உருவி எடுத்து, காந்தத்தை இறக்கி, கிணறு கிணறாக அளந்தார்கள். 1988-இன் பட்டியலில் மிச்சமிருந்த வேலை அப்படித்தான் முடிந்தது. தேறிய கிணறுகளில் இப்போது கேஸ் டியூபிங்குக்குள் மட்டும் ஓடுகிறது.